வாசகர் கேள்வி பதில்: சூனியக்காரர்களுக்கும் மதம் உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் 'விக்கா' என்ற சூனியக் கூட்டத்தாரின் நட்சத்திரத்தை ராணுவ வீரர்களின் கல்லறையில் செதுக்க அரசே அனுமதிக்கிறது என்று என் மகன் சொல்கிறான். மந்திரம் போடுவதையெல்லாம் மதம் என்று ஒத்துக்கொண்டால் மதத்துக்கு என்ன மரியாதை?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: மகன் சொன்னது உண்மைதான் அம்மா. ஆனால் அந்த அனுமதி லேசில் கிடைத்துவிடவில்லை. நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த சார்ஜென்ட் பேட்ரிக் ஸ்டூவர்ட், 2005 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் அவர் இருந்த ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டபோது இறந்தார். அவர் விக்காவைப் பின்பற்றியவர். அவருடைய சின்னம் அரசுப் பட்டியலில் இல்லை என்பதால், ஃபெர்ன்லி என்ற ஊரிலுள்ள நினைவுச் சுவரில் அவருக்கான இடம் வெறுமையாகவே கிடந்தது. அப்போது பட்டியலில் 38 சின்னங்கள் இருந்தன. நாத்திகருக்குக்கூட ஒன்று இருந்தது. அவர் மனைவி ராபர்ட்டாவும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்த பிறகுதான், 2007 ஏப்ரலில் வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம் பட்டியலில் ஏறியது.

அது சரியான முடிவு என்றே நான் சொல்வேன். அமெரிக்க ராணுவம் தன் மதகுருக்களுக்காக 1978-ல் தயாரித்த கையேட்டிலேயே விக்கா இடம்பெற்றிருக்கிறது. ஒருவன் உயிரோடு வேலை செய்யும்வரை அவன் நம்பிக்கை செல்லும், செத்த பிறகு செல்லாது என்றால் அது என்ன நியாயம்?

அவர்கள் ஒரு பெண் தெய்வத்தையும் ஆண் தெய்வத்தையும் வணங்குகிறார்கள். பௌர்ணமியில் கூடுகிறார்கள். பருவங்களை ஒட்டி வருடத்துக்கு எட்டு விழாக்கள். யாருக்கும் தீங்கு செய்யாதே என்பதை முதல் விதியாகச் சொல்கிறார்கள். மந்திரமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. காரியம் கைகூட வேண்டும் என்று நாம் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதில்லையா?

வர்ஜீனியா சிறையில் டெட்மர் என்ற கைதி தன் வழிபாட்டுக்காக மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, உப்பு அல்லது கந்தகம், தலையை மூடும் வெள்ளை அங்கி எல்லாம் கேட்டார். இது மதமே இல்லை, பல மாய வித்தைகளின் கலவை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 1986-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது மதம்தான் என்றது. ஆனால் சிறையின் பாதுகாப்பு கருதி அந்தப் பொருள்களைத் தர மறுக்கலாம் என்றும் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. நம்பிக்கையை மதிப்பது வேறு, கேட்டதையெல்லாம் கொடுப்பது வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். அவருக்கு எழுதிவைத்த வேதமோ, நிறுவியவர் என்று ஒரு மகானோ கிடையாது. கொடை நாளில் வில்லுப்பாட்டு, கிடா வெட்டு, சாமியாட்டம், வேட்டைக்குப் போய் வருதல், அவ்வளவுதான். 19-ம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த மிஷனரிமார் இதைப் 'பேய் வழிபாடு' என்றே எழுதிவைத்தார்கள். என் பாட்டி கையெடுத்துக் கும்பிட்ட சாமி அது. வெளியிலிருந்து பார்ப்பவர் ஒரு வழிபாட்டுக்குப் பட்டம் கட்டுவது எவ்வளவு சுலபம் என்று எங்களுக்குத் தெரியும். அதே காரியத்தை ராபர்ட்டாவுக்கு என்னால் செய்ய முடியாது.

கேள்வி: அப்படி அங்கீகாரம் கொடுத்தால் ஏமாற்று மந்திரவாதிகளுக்குக் கொண்டாட்டம் ஆகிவிடாதா?
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: ஆகாது. ஏமாற்றியவனை ஏமாற்றியதற்காகப் பிடிக்கலாம், அவன் எதை வணங்குகிறான் என்று கேட்கவே தேவையில்லை. இங்கிலாந்தில் 1735-ம் ஆண்டின் சூனியச் சட்டத்தை 1951-ல் நீக்கியபோது, காசுக்காக ஆவியோடு பேசுவதாக மோசடி செய்பவர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். மகாராஷ்டிரத்தின் 2013 சட்டமும் நரபலி, பேயோட்டுகிறேன் என்று அடித்துத் துன்புறுத்துவது போன்ற செயல்களைத்தான் தண்டிக்கிறது. ஜார்க்கண்டில் ஒரு ஏழைப் பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி அடித்துக் கொல்கிறார்களே, அங்கே குற்றவாளி அடித்தவன். இந்த வித்தியாசத்தை நாம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கேள்வி: விக்கா எழுபது, எண்பது வருடத்துப் புதுச் சரக்குதானாமே?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆமாம். அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. 1936-ல் ஊர் திரும்பினார். பழைய சட்டம் நீங்கிய பிறகு, 1954-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பழைய காலத்துச் சூனியக்காரர்களிடமிருந்து அறுபடாமல் வந்தது என்ற அவருடைய வாதத்தை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

அதனால் என்ன? வடலூரில் வள்ளலார் சத்திய ஞான சபையைத் திறந்தது 1872-ல். அன்றைக்கு அதுவும் புதிதுதான். அவர் பாடல்களை அருட்பா என்று சொல்லக் கூடாது என்று ஆறுமுக நாவலர் எதிர்த்து நின்றதும் ஊரறிந்த கதை. ஜோதியைக் கும்பிட வந்தவர்கள், சபைக்கு எத்தனை வயது என்று கேட்டுவிட்டா வந்தார்கள்?