கறுப்பாக இருப்பதெல்லாம் ஒரே கடல் முள்ளெலி இல்லை

அந்தமான் நீல் தீவில் எடுத்த படங்கள் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடல் முள்ளெலி டயடிமா செட்டோசமா, டயடிமா சவிக்னியா? (அஸ்தம்பட்டி, சேலம்)

நீளமான கறுப்பு முள் இரண்டுக்கும் உண்டு. அதை வைத்துப் பிரிக்க முடியாது. உச்சியைப் பாருங்கள். கடல் முள்ளெலிக்கு வாய் அடியில், ஆசனவாய் தலைமேல். அங்கே சின்னப் பை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஆரஞ்சு வளையம் இருந்தால் செட்டோசம். சவிக்னியில் அந்த வளையம் இருக்காது. மினுங்கும் நீலக் கோடுகள் பையைச் சுற்றி ஓடும். ஐந்து வெள்ளைப் புள்ளிகள் செட்டோசத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் சவிக்னியிலும் சில சமயம் தென்படுவதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

நீங்கள் அனுப்பிய நான்கில் மூன்று பக்கவாட்டுப் படங்கள், உதவாது. நேர் மேலிருந்து எடுத்ததில் வளையம் தெளிவாக இருக்கிறது: செட்டோசம்தான். இந்த இரண்டுக்கும் கலப்பினம் பிறப்பதும் உண்டு. அடையாளங்கள் குழம்பினால் ‘டயடிமா’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.

முள்ளில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை இருந்தால் எக்கினோத்ரிக்ஸ் கலமாரிஸ்தானே? (ஏற்காடு)

அவசரப்படாதீர்கள். டயடிமா குஞ்சுகளுக்கும் பட்டை உண்டு. எக்கினோத்ரிக்ஸில் தடித்த முள்களுக்கு நடுவே ஊசிபோல மெல்லிய முள்கள் தனியாக நிற்கும். சுருக்கென்று கடுப்பது அவைதான். கலமாரிஸின் ஆசனப் பை பெரியது, கண்ணாடிபோல இருக்கும், மேலே புள்ளிகள்.

பாறைப் பொந்தில் ஊதா, பழுப்பு, பச்சை என்று பல நிறத்தில் பார்த்தேன். எல்லாம் வேறு வேறு இனமா? (ஆத்தூர்)

எக்கினோமெட்ரா மத்தேயாக இருக்கலாம். இதில் நிறம் ஆளுக்கு ஆள் மாறும். முள்ளின் அடியில், மிஞ்சி போட்ட விரல்போல, வெள்ளை வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். உடலும் முழு வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும். ஆனாலும் இது தலைவலி பிடித்த கூட்டம். ஒரே இனம் என்று எண்ணியிருந்ததை ஜப்பானின் ஒகினாவாவில் ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்தார்கள்.

ராமேஸ்வரத்தில் வாங்கிய கடல் முள்ளெலி ஓட்டில் முள்ளே இல்லை. பெயர் சொல்ல முடியுமா? (ஓமலூர்)

பேரினம் வரை சொல்லலாம். லென்ஸ் வைத்து, ஓட்டின் தகடுகள் சேரும் கோட்டைப் பாருங்கள். ஆழமான குழிகள் வரிசையாக இருந்தால் டெம்னோப்ளூரஸ். தகட்டு மூலைகளில் ஊசி குத்தியதுபோலச் சின்னத் துளைகள் மட்டும் இருந்தால் சல்மாசிஸ். நிறத்தை விட்டுவிடுங்கள், வெயிலில் வெளுத்துப்போயிருக்கும்.