ஊட்டிக் குளிரில் காலையில் டீசல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, கோவைக்கு இறங்கினால் பிரச்சினையே இல்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். நான் ஒரு தடவை அப்படி மாற்றி, ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, இரண்டே வாரத்தில் அதே இடத்தில் அதே மாதிரி நின்றேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

நாலு வருடமான டீசல் கார், விடுதி வாசலில் திறந்தவெளியில் நிறுத்தினீர்கள், காலை 6 மணிக்கு எடுக்கவில்லை, 10 மணிக்கு வெயில் ஏறியதும் எடுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம் கேட்டது? "ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது ஒரே வியாதி இல்லை. குறைந்தது மூன்று வியாதி அந்தப் பெயரில் இருக்கிறது, மூன்றுக்கும் சத்தம் வேறு வேறு.

டிக் என்று ஒரே ஒரு சத்தம், அல்லது டக டக டக என்று வேகமாக, அல்லது ஒன்றுமே இல்லை என்றால் அது ஒரு வகை. எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் ஊ... ஊ... என்று முனகிக்கொண்டு, வயதானவர் படியேறுவது மாதிரி மெதுவாகச் சுற்றினால் அது இன்னொரு வகை. செல்ஃப் நல்ல வேகத்தில் கரகரவென்று அடிக்கிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவே இல்லை என்றால் அது மூன்றாவது. முதல் இரண்டும் மின்சாரம் சம்பந்தப்பட்டவை. மூன்றாவதாக இருந்தால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

குளிர் அப்படி என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது சுலபம். நான் இருப்பது ஊட்டிக்குப் பக்கத்தில்தான். இங்கே டிசம்பர், ஜனவரி விடிகாலையில் தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் மாதிரியான பள்ளமான இடங்களில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் கொஞ்சம் மேட்டில், சுவர் ஓரமாக நிறுத்திய வண்டி எடுத்துவிடும், பள்ளத்தில் திறந்தவெளியில் நிறுத்தியது மக்கர் செய்யும். பூஜ்யம் டிகிரி அருகே போனால் பேட்டரியின் பலம் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். அதே நேரம் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, எஞ்சினைச் சுற்றவைக்கக் கூடுதல் பலம் வேண்டும். கொடுக்கிறவன் கை சுருங்கும்போது கேட்கிறவன் கூடுதலாகக் கேட்கிறான். 20டபிள்யூ50 மாதிரிக் கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தால் இன்னும் மோசம், உங்கள் வண்டிப் புத்தகம் அனுமதித்தால் குளிரிலும் இளக்கமாக இருக்கும் 5டபிள்யூ30 போடுங்கள்.

ஆனால் பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் எங்கள் ஊர்க் குளிர் இல்லை, உங்கள் ஊர் வெயில். பானெட்டுக்குள் கொதிக்கும் சூட்டில் மூன்று நாலு கோடை கழித்த பேட்டரி உள்ளே அரித்துப்போய்ப் பாதி பலத்தில்தான் இருக்கும். கோவையில் எஞ்சின் சுலபமாகச் சுற்றுவதால் அந்தப் பாதியே போதும், நமக்குத் தெரியாது. மேலே வந்த முதல் காலையில் குட்டு வெளிப்படும். போதாததற்கு, முந்தின நாள் ஏரி, பூங்கா, தொட்டபெட்டா என்று சின்னச் சின்னத் தூரமாக ஓட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுப் போட்டு, ராத்திரி பனிமூட்டத்தில் எல்லா விளக்கையும் போட்டு வந்திருப்பீர்கள், சார்ஜ் ஏற நேரமே கிடைத்திருக்காது.

இதைச் சோதிக்க வோல்ட் அளக்கும் ஒரு சின்ன மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் ஆன் செய்யாமல் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம், இந்தக் குளிரில் 9 வரை இறங்கினாலும் பரவாயில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஸ்டார்ட் ஆன பிறகு 13.8-லிருந்து 14.5-க்குள் காட்டினால் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக சார்ஜ் கொடுக்கிறது. மீட்டர் இல்லையா, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல், அதாவது வயர் மாட்டும் முனை. வெளிச்சம் அப்படியே இருந்து செல்ஃப் மட்டும் அசையவில்லை என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள்.

இப்போது என் கதை. 2016 ஜனவரி, அப்பாவுக்குக் கோவையில் கண் ஆபரேஷன், காலை 9 மணிக்கு அங்கே இருக்க வேண்டும், 5 மணிக்கு வண்டி முனகுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பில் போய்ச் சேர்ந்தோம். அன்று சாயங்காலம் ஒரு கடையில் காட்டினேன், பேட்டரி போச்சு என்றார்கள், மீட்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. புது பேட்டரி போட்டேன். பதினைந்தாம் நாள் மறுபடியும் அதே முனகல். கோத்தகிரியில் ஒரு வயதான மெக்கானிக், லாரி வேலை பார்த்தவர், வந்து பார்த்தார். செல்ஃபை நாலைந்து தடவை அடிக்கச் சொல்லிவிட்டு, பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற எர்த் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு முனையில் நிறுத்தி, "இங்க தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். அந்தக் குளிரில் அந்த முனை சுட்டது. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. தேய்த்து, இறுக்கி, சாவியைத் திருப்பினார், ஒரே சுற்றில் எடுத்தது. என் பழைய பேட்டரி மேல் எந்தத் தப்பும் இல்லை.

வெயில் ஊரில் அந்த வயர் ஏன் பிரச்சினை செய்யவில்லை? குளிர்ந்த எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், எவ்வளவு அதிகமாக இழுக்கிறதோ அவ்வளவு வோல்ட் அந்த உப்புப் பூத்த இடத்திலேயே விழுங்கப்பட்டுவிடும். இதையும் மீட்டரில் பார்க்கலாம்: கருப்புக் கம்பியை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர்தான். மீட்டரே வேண்டாம் என்றால், ஜம்பர் கேபிள் (இரு முனையிலும் கிளிப் உள்ள தடித்த வயர்) ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் இரும்புக்கு நேராக மாட்டிவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். வேகமாகச் சுற்றினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த ஐந்து நிமிட வேலையைத் தயவுசெய்து செய்யுங்கள். டெர்மினலில் பூத்திருப்பதை வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றினாலே கழன்றுவிடும்.

சரி, செல்ஃப் நன்றாகவே அடித்தது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை என்றால்? டீசல் எஞ்சினில் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அழுத்தி அழுத்தியே சூடாக்கித்தான் டீசலை எரிக்கிறது. காற்றும் இரும்பும் சில்லென்று இருந்தால் அந்தச் சூடு வராது, உள்ளே சூடாக்கிக் கொடுக்கத்தான் ஹீட்டர் பிளக். ஊட்டி 2240 மீட்டர் உயரம், காற்று அழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதைவிட நாலில் ஒரு பங்கு குறைவு, அதுவும் சேர்ந்துகொள்கிறது. கோவைச் சூட்டில் ஹீட்டர் பிளக்குக்கு அநேகமாக வேலையே இல்லை. நாலில் மூன்று எரிந்து போயிருந்தாலும் வருடக்கணக்கில் தெரியாது. "கீழே பிரச்சினையே இல்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் பேட்டரிக்கு அடுத்து எனக்குத் தோன்றியது இதுதான்.

இதற்குப் புகையைப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை, ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது ராத்திரி எங்கோ ஒரு வாஷர் வழியாகக் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கலாம். ஃபில்டர் மேல் கைப்பம்பு இருந்தால் அது கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டு முயன்று பாருங்கள். டீசலே உறைந்திருக்குமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மெழுகு திரண்டு ஃபில்டரை அடைப்பது உண்மைதான், லடாக்கில் அது அன்றாடப் பிரச்சினை, அதற்காகவே 2019-ல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. ஊட்டியில் அப்படி நின்ற வண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

நாளைக் காலையிலும் நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள் என்றால், சாவியை முதலில் ஆன் வரை மட்டும் திருப்புங்கள், சுருள் மாதிரி இருக்கிற ஆரஞ்சு நிற ஹீட்டர் பிளக் விளக்கு அணையும் வரை பொறுங்கள், ஆஃப் செய்து இன்னும் இரண்டு தடவை இப்படியே செய்யுங்கள், அப்புறம் கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். விடாமல் அடித்து நல்ல பேட்டரியையும் காலி செய்து, செல்ஃப் மோட்டாரையும் புகைய விட்டவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்கள் வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவதைக் கவனித்திருப்பீர்கள், உருட்டி இரண்டாவது கியரில் எடுக்கத்தான். புதிதாக வருகிறவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி இறுகிவிடும், ஊட்டி இறக்கத்தில் அது உயிரோடு விளையாடுவது. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுங்கள், கருப்பின் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள், பேட்டரி வாயு பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

காலையில் செல்ஃப் சத்தம் எப்படி, புகை வந்ததா, பேட்டரி எத்தனை வோல்ட் என்று மூன்றையும் பார்த்து எழுதுங்கள், எதை மாற்ற வேண்டும் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.