ஆறு குண்டு என்று யார் சொன்னது?

கேள்வி: கௌபாய் படம் பார்த்தே வளர்ந்தவன் நான். சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் உங்களுக்குப் பிடித்தது எது, எந்தத் தோட்டாவோடு? ‘கோல்ட் 45’ என்று எல்லோரும் சொல்வதையே சொல்லி, ஆறு குண்டில் கேள்வியை முடித்துவிடாதீர்கள்!

பதில்: பாதிதான் தப்பிக்கிறேன். துப்பாக்கி அதே கோல்ட் கம்பெனியின் 1873 ரிவால்வர்தான். தோட்டா 45 அல்ல, 44-40. (இந்த எண்களெல்லாம் தோட்டா ரகங்களின் பெயர்கள்.)

நான் சுட்டதில்லை, படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன். ஆனால் நீங்கள் துப்பாக்கியை முதலில் கேட்டுவிட்டுத் தோட்டாவை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்கிறீர்கள். அந்தக் காலத்துக் குதிரைக்காரனுக்குத் தோட்டாதான் சாப்பாடே. இடுப்பில் ரிவால்வர், சேணத்தில் வின்செஸ்டர் ரைஃபிள். அந்த ரைஃபிளும் 1873இல் வந்ததுதான். அதற்காகப் பிறந்த தோட்டாதான் 44-40. சில வருஷத்தில் கோல்ட் கம்பெனியும் தன் ரிவால்வரை அதற்கேற்பச் செய்துகொடுத்தது. ஒரே கச்சையிலிருந்து இரண்டுக்கும் எடுத்துப் போடலாம்.

45ஐ ரைஃபிளில் போடலாமே என்பீர்கள். அன்றைக்குப் போட முடியாது. அந்தத் தோட்டாவின் அடி விளிம்பு ரொம்பச் சின்னது. ரிவால்வரில் கவலையில்லை, சுட்டு முடித்த கூட்டை ஒரு கம்பி முன்பக்கமிருந்து குத்தி வெளியே தள்ளிவிடும். ரைஃபிளிலோ ஒரு கொக்கி விளிம்பைப் பிடித்து இழுத்தாக வேண்டும். பிடிக்க ஏதாவது இருந்தால்தானே!

குண்டின் எடையில் 45தான் பெரியவர், ஒப்புக்கொள்கிறேன். அது சுமார் 16 கிராம், இது 13. அமெரிக்க ராணுவம் 1892இல் சின்ன 38க்கு மாறி, பிலிப்பைன்ஸ் சண்டையில் அது போதாமல், பழைய 45களைத் தூசி தட்டி எடுத்ததும் உண்மை. ராணுவத்துக்குத் தோட்டா வண்டியில் வரும். தனியாகப் போகிறவனுக்கு யார் கொண்டுவந்து தருவார்கள்?

அப்புறம் உங்கள் ஆறு குண்டு. இந்த சிங்கிள் ஆக்‌ஷன் ரகத்தில் விசைக்கு ஒரே வேலைதான்: தோட்டாவின் முதுகில் அடிக்கும் சுத்தியலை விடுவிப்பது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் நீங்கள்தான் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது சுத்தியலின் முனை தோட்டாவின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறை உள்ள உருளையில் ஒரு தோட்டா போட்டு, ஒரு அறையைத் தாண்டி, அப்புறம் நான்கைப் போட்டு, சுத்தியலை முழுக்க இழுத்துக் காலி அறைமேல் மெதுவாக இறக்கிவைப்பார்கள். ஆக, ஐந்துதான். வேடிக்கை என்னவென்றால், அந்த 44-40 கோல்ட்டின் குழலில் பொறித்திருந்த பெயர் ‘ஃபிரான்டியர் சிக்ஸ் ஷூட்டர்’.

ரூகர் என்ற துப்பாக்கி கம்பெனி 1973இல், விசையை இழுத்தால் மட்டும் சுத்தியலின் அடியைக் கடத்தும் ஒரு தகடு வைத்து இந்த வம்பைத் தீர்த்துவிட்டது. அதில் ஆறையும் தைரியமாகப் போடலாம். ஆனால் நீங்கள் கேட்டது பிடித்தது எது என்றுதானே, பத்திரமானது எது என்றா கேட்டீர்கள்?