மிச்சமிருந்த சொட்டு மருந்தைப் பூனைக்கு விடலாமா?

கேள்வி: கேரள எல்லைக்குள், பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். பொள்ளாச்சி சித்தி வீட்டிலிருந்து ஒரு பூனையைக் குட்டிகளோடு கொண்டுவந்து இரண்டு வாரம் ஆகிறது. மூன்று குட்டிகள், ஐந்து வாரம் இருக்கும். வந்த ஒரு வாரத்தில் தாய்ப்பூனை தும்ம ஆரம்பித்தது. இப்போது மூன்று குட்டிகளுக்கும் கண்ணில் பூளை கட்டி, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்தது, அதை மூன்று நாள் விட்டேன். சிவப்பு குறைந்தது. ஆனால் சாம்பல் நிறக் குட்டி மட்டும் இடது கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. கண் நீலம் பாய்ந்த மாதிரி இருக்கிறது. இது மெட்ராஸ் ஐ, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். மகளுக்கு நான்கு வயது. இரண்டு குட்டிகளைப் பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கும் நாத்தனாருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். சாம்பல் குட்டியை இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

மருந்துப் புட்டியை எடுத்து லேபிளைப் பாருங்கள். கண்புரை அறுவை முடிந்தவர்களுக்கு வீக்கம் வடிய ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துதான் பெரும்பாலும் தருவார்கள். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோடிபிரெட்னால் என்று ஏதாவது ஒரு பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். மாக்ஸிஃப்ளாக்ஸசின், டோப்ராமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் பெயர் பெரிதாக இருக்க, ஸ்டீராய்டு அதன் பின்னால் ஒண்டிக்கொண்டிருப்பதும் உண்டு. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், நீங்கள் பார்த்தது அதைத்தான். ஆனால் வைரஸை எதிர்க்கிற உடலின் சக்தியையும் அது சேர்த்தே குறைத்துவிடும். மேலே கண் வெளுக்க, அடியில் கருவிழியில் வைரஸ் தடையில்லாமல் பெருகிப் புண்ணாக்கும். கண் நீலம் பாய்ந்திருப்பதும், திறக்க முடியாமல் இடுக்கிக்கொள்வதும் கருவிழிப் புண்ணின் அடையாளங்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததை வைத்துப் பார்த்தால் இது பூனை ஹெர்பிஸ் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குட்டிகளுக்குக் கண் சிவந்து பூளை தள்ளுவதற்கு உலகெங்கும் முதல் காரணம் அதுதான். ஒருமுறை தொற்றினால் பெரும்பாலும் முகத்து நரம்புக் கணுவில் போய்ப் பதுங்கிக்கொண்டு பூனையின் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். தொற்றிய பூனைகளில் 80 சதவீதம் வரை இப்படி வைரஸைச் சுமந்து திரிகின்றன. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. இடம் மாறினாலோ, குட்டி போட்டுப் பால் கொடுத்தாலோ, வீட்டுக்குப் புதுப் பூனை வந்தாலோ, சுமார் ஒரு வாரத்தில் வைரஸ் விழித்துக்கொண்டு கண்ணீரிலும் சளியிலும் வெளியே வரும். ஸ்டீராய்டு ஊசியும் அப்படி எழுப்பிவிடும். சத்தத்தில் மிரண்டாலும் அப்படித்தான்; நெம்மாறை வல்லங்கி வேலா கோயில் திருவிழாவின் வாணவேடிக்கை முடிந்த அடுத்த வாரம் அந்தப் பக்கத்துப் பூனை ஒன்று தும்மிக்கொண்டு வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

உங்கள் தாய்ப்பூனை பால் கொடுக்கிற நேரத்தில் பொள்ளாச்சியிலிருந்து ஊர் மாறி வந்திருக்கிறது. இரண்டு காரணமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. குட்டிகளுக்குத் தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி நான்கு, ஐந்து வாரத்தில்தான் தேய ஆரம்பிக்கும். தாய் தும்மியதும் அதே சமயத்தில். தொற்றிய 2 முதல் 6 நாளில் அறிகுறி தெரியும் என்பதால் கணக்கும் பொருந்துகிறது. பொள்ளாச்சியில் யாரும் நோயுள்ள பூனையை உங்கள் தலையில் கட்டவில்லை. சித்தி மேல் வருத்தம் வேண்டாம்.

வேறு இரண்டு கிருமிகளும் இதே வேலையைச் செய்யும். கேலிசி வைரஸ் என்றால் நாக்கிலும் அண்ணத்திலும் புண் வந்து எச்சில் வழியும், சில குட்டிகள் காலை நொண்டும். கிளமிடியா வைரஸ் அல்ல, பாக்டீரியா. அதில் தும்மல் கம்மி. ஒரு கண்ணில் தொடங்கி சில நாளில் மறு கண்ணுக்குப் போகும், இமையின் உட்பக்கச் சவ்வு புசுபுசுவென்று வீங்கிப் பிதுங்கும். இரண்டு மூன்று ஒன்றாகவும் வரலாம். அதனால்தான் வீடியோவில் கண்ணைப் பார்த்தே மருந்து சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சாம்பல் குட்டியை அழைத்துப் போனால் மருத்துவர் ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டு ஒன்றை நனைத்துக் கண்ணில் தொடுவார். நீல விளக்கை அடித்தால் புண் இருக்கிற இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். ஹெர்பிஸ் புண்ணாக இருந்தால் அந்தப் பச்சைக்கோடு வேப்பங்குச்சி கிளை விட்டதுபோல் பிரிந்து பிரிந்து ஓடும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் எல்லா இடத்திலும் அந்தக் காகிதம் இருக்காது. மாடும் ஆடும் பார்க்கிற மிருகாஸ்பத்திரியாக இருந்தால் முன்கூட்டியே போன் செய்து "பூனைக் கண்ணுக்கு சாயப் பரிசோதனை உண்டா?" என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இல்லையென்றால் பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்குக்கு நேராகப் போய்விடலாம். உங்களுக்கு எல்லை தாண்டுவது ஒரு பெரிய விஷயமா என்ன! குட்டியை மூடியுள்ள அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்துக் கொண்டு போங்கள். சாக்குப்பையில் கட்டித் தூக்கிவந்தால் அந்தத் தூசியும் நாரும் ஏற்கெனவே புண்ணான கண்ணில் உரசும்.

இனி மருந்து. ஹெர்பிஸுக்கு உள்ளே கொடுக்க ஃபாம்சிக்ளோவிர் மாத்திரைதான் இன்றைக்கு நம்பிக்கையானது. மனிதர்களுக்காகச் செய்தது என்றாலும் பூனைக்குப் பாதுகாப்பானது. பூனையின் உடல் அதை மெதுவாகத்தான் மருந்தாக மாற்றுகிறது என்பதால் எடைக்கு மீறிய அளவாகத் தெரியும், கிலோவுக்கு 90 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை என்று எழுதுவார்கள். பார்த்துப் பயப்படாதீர்கள், நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். ஐந்து வாரக் குட்டிக்கு எடை போட்டுத்தான் பிரிக்க வேண்டும், அது மருத்துவர் வேலை. ஆனால் ஒன்றில் உஷாராக இருங்கள். பெயர் ஒத்திருக்கிறதே என்று மருந்துக்கடையில் வலாசிக்ளோவிர் எடுத்துக்கொடுத்தால் வாங்காதீர்கள். அக்கி வந்தவர்களுக்குக் கொடுக்கும் அந்த மாத்திரை பூனையின் எலும்பு மஜ்ஜை, ஈரல், சிறுநீரகம் மூன்றையும் கெடுத்துக் கொன்றுவிடும். காய்ச்சல் அடிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான். கால் மாத்திரை போதும், பூனை செத்துப்போகும்.

கண்ணுக்குள் வைரஸுக்கான களிம்பு தேவையா என்பதைப் புண்ணைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஆன்டிபயாட்டிக் களிம்பு எழுதினால் "வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். புண்ணில் பாக்டீரியா ஏறிக் கண்ணையே கரைத்துவிடாமல் இருக்கத்தான் அது. கிளமிடியா சந்தேகம் இருந்தால் டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார்கள். பத்து நாளில் கண் தெளிந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும். அதை மாத்திரையாகக் கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி விழுங்க வையுங்கள். தொண்டையில் தங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். லைசின் பொடி கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. ஒரு காலத்தில் எல்லோரும் எழுதினோம். 2015-இல் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்ததில் பலன் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. அந்தக் காசுக்கு மத்தி வாங்குங்கள்.

மத்தியைச் சும்மா சொல்லவில்லை. மூக்கு அடைத்த பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் சாப்பிடாது. பெரிய பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும். குட்டிக்கு அத்தனை நாள்கூடத் தாங்காது. மத்தியை உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த தண்ணீரோடு பிசைந்து வெதுவெதுப்பாக மூக்கருகே காட்டுங்கள். வெங்காயம் பூண்டு போட்ட மீன்குழம்புச் சோறு வேண்டாம். குட்டிகள் தாயிடம் பால் குடிப்பதை நிறுத்தாதீர்கள். தாயிடமிருந்துதான் வந்தது என்று இப்போது பிரித்துவைப்பதில் ஒரு லாபமும் இல்லை, தொற்ற வேண்டியது தொற்றிவிட்டது.

பூளையை எடுக்க மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் போதும். இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். பஞ்சை நனைத்து, ஒட்டிய இமைமேல் ஒரு நிமிடம் வைத்திருங்கள். காய்ந்த பூளை ஊறியபின் மூக்குப் பக்க ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சு அடுத்த கண்ணுக்கு வேண்டாம். காய்ந்ததை நகத்தால் பிய்த்தால் இமை முடியோடு வந்துவிடும். களிம்பு போடும்போது குட்டியைத் துண்டில் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரிய, பின்பக்கமிருந்து கையைக் கொண்டுபோங்கள். எதிரே ட்யூப்பைக் கண்டால் எந்தப் பூனையும் சும்மா இருக்காது. சொட்டும் களிம்பும் இரண்டும் எழுதியிருந்தால் முதலில் சொட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் களிம்பு.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், இளநீர்க்குழம்பு என்கிற ஆயுர்வேதக் கண் மருந்து என்று யாராவது வந்து சொல்வார்கள். இளநீர்க்குழம்பு நல்ல கண்ணிலேயே எப்படி எரியும் என்று உங்களுக்குத் தெரியும். புண்ணான கண்ணில் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நந்தியாவட்டையில் பூவோடு வருகிற பால் கண்ணை அரிக்கும். மூன்றும் வேண்டாம்.

வீட்டைத் துடைக்க பினாயில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள ஃபீனாலைப் பூனையின் ஈரலால் கழிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே விஷம். துணி துவைக்கும் திரவ பிளீச் 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து பாத்திரம், தரை எல்லாவற்றையும் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பூனைகள் அப்போது வேறு அறையில் இருக்கட்டும். ஹெர்பிஸ் வைரஸ் ஈரத்தில் ஒரு நாள்கூட நிற்காது. கேலிசி வாரக்கணக்கில் நிற்கும் என்பதால்தான் பிளீச். தெருப் பூனைகள் சன்னல் வழியே வந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள். தும்மலில் தெறிக்கிற துளி ஒரு மீட்டருக்கு மேல் போகும், உங்கள் கையும் சேலைத் தலைப்பும் அதைவிடத் தூரம் போகும்.

மகளைப் பற்றிய பயத்துக்கு வருவோம். பூனை ஹெர்பிஸும் பூனை கேலிசியும் மனிதருக்கு ஒட்டாது. மெட்ராஸ் ஐ என்று நாமும், செங்கண்ணு என்று மலையாளத்தில் சொல்வதும் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது, பூனைக்கு அதில் பங்கில்லை. கிளமிடியா மட்டும் மிக அபூர்வமாக மனிதக் கண்ணைச் சிவக்க வைத்ததாகப் பதிவு உண்டு. குழந்தை குட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதை இரண்டு வாரம் தள்ளிவைக்கட்டும். மகளுக்குக் கண் சிவந்தால் கண் மருத்துவரிடம் காட்டி, வீட்டில் பூனைக்குக் கண் நோய் என்பதையும் சொல்லுங்கள். பூனையின் மருந்தை மகளுக்கோ மகளின் மருந்தைப் பூனைக்கோ மாற்றாதீர்கள். இதைவிட நான் கவலைப்படுவது பிறாண்டல். மருந்து போடும்போது நகமோ பல்லோ பட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். பூனையாலும் வெறிநோய் வரும். தெருப் பூனைகளோடு கலந்து திரியும் பூனை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

மற்ற இரண்டு குட்டிகளும் பத்து முதல் இருபது நாளில் தெளிந்துவிடும் வாய்ப்பு அதிகம். அதற்குள் எதற்காவது கண் மங்கினாலோ, கண்மேல் இளஞ்சிவப்புச் சவ்வு வளர்ந்து ஒட்டிக்கொண்டாலோ மறுபடி காட்டுங்கள். "பூ விழுந்துவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம். புண் ஆறி ஓரளவு தெளிகிற கண்கள் உண்டு.

நாத்தனார் வீட்டுக்கு இப்போது அனுப்பாதீர்கள். ஊர் மாறுவதே வைரஸை எழுப்பும் என்று மேலே சொன்னேன், அதே கதை சித்தூரில் தொடரும். குட்டிகள் நன்றாகத் தெளிந்து, எட்டாவது வாரத்துக்கு மேல் முதல் ட்ரைகேட் ஊசி (பூனைகளுக்கான தடுப்பூசி) போட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவதும் போட்டபின் கொடுங்கள். 16 வாரம் வரை அதே இடைவெளியில் தொடர வேண்டும், மீதியை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். இந்த ஊசி ஏற்கெனவே உள்ளே போன வைரஸை வெளியேற்றாது, நோயின் வேகத்தைத்தான் தணிக்கும். எனவே கொடுக்கும்போது நாத்தனாரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெர்சியன் வைத்திருந்தால் கட்டாயம் கேளுங்கள், அந்த இனத்துக்கு இந்த வைரஸால் கருவிழியில் கருப்புத் திட்டு விழுந்து அறுவை வரை போவது உண்டு.