பழைய மருந்து எடைக்கற்கள்: வாசகர் கேள்விகள்

சின்னச் சதுரப் பித்தளைக் கல்லில் ‘3’ போல ஒரு குறி, பக்கத்தில் இரண்டு கோடு. மூன்று கிராமா?

இல்லை. அது எண்ணே அல்ல, டிராம் என்ற அளவின் குறி. கோடுகள் ரோமன் இரண்டு. கடைசிக் கோட்டுக்கு மட்டும் கீழே வால் நீண்டிருக்கும். ஆக, 2 டிராம். அந்த ‘3’க்குத் தலையில் இன்னொரு வளைவு இருந்தால் அவுன்ஸ். கணக்கு இப்படிப் போகும்: 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள், 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. ஆங்கில அளவில் ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். உங்கள் கல் 7.78 கிராமுக்கு ஒட்டி நின்றால் சந்தேகமே வேண்டாம்.

என் அவுன்ஸ் கல் 28.3 கிராம்தான் காட்டுகிறது. தேய்ந்துவிட்டதா?

அது மளிகை எடைக்கான அவுன்ஸ், 28.35 கிராம். மருந்து அவுன்ஸ் 31.1. தேய்மானத்தில் மூன்று கிராம் போகாது. 29.8 காட்டினால் நியூரம்பெர்க் நகரத்து மருந்துப் பவுண்டைப் பின்பற்றிய ஜெர்மன் கல்லாக இருக்கலாம். அதையும் எடுத்து வையுங்கள்.

கறுத்துப்போன கற்களைப் பளபளப்பாக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கிரெயின் கற்கள் நகத்தளவு மெல்லிய தகடுகள்; எத்தனை கிரெயின் என்பதைக் குத்திய பொட்டுகளை எண்ணித்தான் அறிய வேண்டும். முதலில் வாங்கிய ஆறு பொட்டுத் தகட்டை நான் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். நான்கு பொட்டுதான் மிஞ்சியது, ஓரத்தில் இருந்த முத்திரையும் போயிற்று. இன்றும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. கறுப்பு நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி. உலர்ந்த மெல்லிய துணியால் தூசியை ஒற்றி எடுங்கள், அது போதும். விரல் வியர்வை பித்தளையில் கறையாகப் படியும், அதனால் சாமணத்தால் எடுங்கள். முன்னோர் பெட்டியில் சின்னச் சாமணம் வைத்தது அதற்காகத்தான்.

அடிக்குழியில் ஈயம் இருக்கிறது. யாராவது ஏமாற்றியதா?

எடையைச் சரிக்கட்ட வைத்ததுதான். நோண்டாதீர்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஊதவும் வேண்டாம், அது நஞ்சு.

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணக் கற்கள் முழுசாக இருக்கின்றனவா என்று எப்படி அறிவது?

ஒவ்வொரு கிண்ணமும் அதற்கு அடுத்து உள்ளே இருக்கும் ஒரு கிண்ணத்தைப் போல இரண்டு மடங்கு. கடைசி இரண்டு மட்டும் சம எடை. வெளிக்கூட்டைத் தராசின் ஒரு தட்டிலும் மற்ற எல்லாவற்றையும் மறு தட்டிலும் வையுங்கள். முள் நடுவில் நின்றால் ஒன்றும் தொலையவில்லை.