பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டை அந்தப் பட்டியல் உண்மையிலேயே காப்பாற்றுமா?

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் உள்ள உங்கள் பாட்டனார் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருப்பதால், இனி அதை யாரும் இடிக்க முடியாதல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். பங்காளிகளில் ஒருவர் விற்கத் துடிக்கிறார், நீங்கள் தடுக்க வழி தேடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். எங்கள் குடும்பத்திலும் அதுவே நடந்தது.

முதலில் அது எந்தப் பட்டியல் என்று விசாரியுங்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும், அரசு சாராத இன்டாக் அமைப்பினர் தெருத்தெருவாகச் சென்று தயாரித்த பட்டியலில் வீடு இருப்பது பெருமைதான். ஆனால் அது மட்டுமே சட்டத் தடையாகிவிடாது. அரசின் அறிவிக்கையில் தரம் குறிக்கப்பட்டு இடம்பெற்றால்தான் கட்டடத்தில் கை வைக்குமுன் அனுமதி பெற வேண்டிய கட்டாயம் வருகிறது. முதல் தரம் என்றால் உள்ளும் புறமும் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். இரண்டாம் தரத்தில் தோற்றம் கெடாமல் உள்ளே மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் தரத்தில் இன்னும் தாராளம்.

எங்கள் வீட்டுக்கு இரு புறமும் பொதுச் சுவர். பட்டியலில் இல்லாத பக்கத்து வீட்டை அதன் உரிமையாளர் ஒரே வாரத்தில் இடித்துத் தள்ளினார். நூறாண்டுகளாக மழையே காணாத அந்தச் சுவரின் மறுபக்கம் திறந்து கிடந்ததால், முதல் ஐப்பசி மழையிலேயே நீர் இறங்கி, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தட்டையாகக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்கும் தேக்கு விட்டங்களின் முனைகள் சுவருக்குள்ளேயே உளுத்துப்போயின. அவசரத்தில் கொத்தனார் சொன்னபடி சிமெண்ட் பூசினேன். ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. பிறகு அனைத்தையும் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசிய செலவு என் சேமிப்பில் பாதியைத் தின்றது. இத்தனைக்கும் ஓடு மாற்ற அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்தில் நான் கொடுத்த மனு ஏழு மாதங்கள் அசையாமல் கிடந்தது.

இதைச் சொன்னால் பட்டியலே வேண்டாம் என்கிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பட்டியல் இல்லையென்றால் என் பங்காளிகள் எப்போதோ விற்றிருப்பார்கள். தனி வீட்டைக் காத்துவிட்டுத் தெருவைக் கைவிடுவதுதான் என் வருத்தம். திண்ணையும் தாழ்வாரமும் வரிசையாகத் தொடரும்போதுதான் அது தமிழர் தெரு. நடுவில் ஒரு வீடு போனால் நிழலும் அறுந்துபோகிறது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நகர மேம்பாட்டு உதவித் திட்டமான ஏசியா அர்ப்ஸில் தெருவின் முகப்பையே ஒன்றாகக் கருதிச் சீரமைத்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது.

பட்டியல் கடப்பாரையைத் தடுக்கலாம், மழையைத் தடுக்காது. கடற்கரையில் நின்ற, பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மாளிகையான பழைய மேரி கட்டடத்தின் மதிப்பை அறியாதவர் ஊரில் எவருமில்லை. பராமரிப்பின்றிக் கிடந்து 2014 நவம்பர் மழையில் சரிந்தது. இப்போது நிற்பது, பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறக்கப்பட்டது.

ஆகவே அறிவிக்கையின் நகலையும் தரத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். பொதுச் சுவர்களை இன்றே தேதியுடன் படமெடுத்து வையுங்கள். புரட்டாசி முடிவதற்குள் முற்றத்து ஓடுகளையும் மழைநீர்க் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.