பராசர் ஏரிக்கு ஒரு நாள் நடை

கேள்வி: வரும் அக்டோபரில் மணாலி செல்லும் வழியில் மண்டியில் தங்கி, பராசர் ஏரிக்கு நடந்தே போய் அன்றே திரும்ப எண்ணியுள்ளோம். எனக்கு 51 வயது, கணவருக்கு 56. இருவரும் சதுரகிரி ஏறிப் பழகியவர்கள். இது எங்களால் முடியுமா?
– ராஜபாளையம் வாசகி

பதில்: முடியும். சதுரகிரி ஏறிய கால்களுக்கு இது மிகக் கடினமான பாதை அன்று. நீங்கள் கவலைப்பட வேண்டியது புறப்படும் நேரத்தைப் பற்றித்தான். இமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் உள்ள இந்த ஏரி, 2,730 மீட்டர் உயரத்தில், நம் தொட்டபெட்டா சிகரத்தைவிடவும் சற்று மேலே அமைந்திருக்கிறது. மண்டியிலிருந்து கட்டௌலா வழியாகப் பாகி என்ற சிற்றூர் வரை வாடகைக் காரில் சென்று, அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர் ஏற வேண்டும். நிதானமாக நடந்தால் ஏறுவதற்கு நான்கைந்து மணி நேரமும் இறங்குவதற்கு மூன்று மணி நேரமும் பிடிக்கும்.

அக்டோபர் நடுவில் அங்கே மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதாலும், அடர்ந்த மரங்களுக்கிடையே அதற்கும் முன்னதாகவே இருட்டிவிடும் என்பதாலும், காலை 7 மணிக்குப் பாகியில் நடையைத் தொடங்கிவிடுங்கள். பிற்பகல் ஒன்றரை மணி ஆகிவிட்டால், ஏரி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவது என்று இருவரும் முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போன பிறகு அந்தப் பேச்சை எடுத்தால், எவருக்கும் திரும்ப மனம் வராது.

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் வயதுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஏரிக்கு அருகில் வரை மோட்டார் சாலை இருப்பதால், ஓட்டுநரை அங்கே வந்து காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஏறுவதை மட்டும் நடையாக வைத்துக்கொண்டு, இறங்கும்போது காரில் வரலாம். மலையேற்றக்காரர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும். ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது ஏற்றத்தைவிட இறக்கமே.

ஓக், ரோடோடென்ட்ரான் மரங்கள் நிறைந்த காட்டின் வழியே ஏறி, கடைசியில் புல்வெளிக்கு வந்து சேரும் இந்தப் பாதையில், மேய்ச்சல்காரர்களின் ஒற்றையடிப் பாதைகள் பல இடங்களில் பிரிந்து செல்கின்றன. கைபேசித் தொடர்பை நம்ப முடியாது. ஆகவே பாகியிலேயே உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்வதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சுமார் 800 மீட்டர் உயரத்திலுள்ள மண்டியிலிருந்து ஒரே நாளில் இவ்வளவு உயரத்துக்குச் செல்வதால் லேசான தலைவலி வரலாம். அதனுடன் வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால், ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று உட்காராமல் உடனே இறங்கிவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவராயின், ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். காற்றைத் தடுக்கும் மேலாடை, டார்ச், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முன்பே அணிந்து பழகிய காலணி ஆகியவை போதும்.

அக்டோபரைத் தேர்ந்தெடுத்தது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மழையில் மண்சரிவும் ஓடைப் பெருக்கும் அச்சுறுத்தும். டிசம்பர் முதல் மார்ச் வரை பனி மூடியிருக்கும்.

கேள்வி: அந்த ஏரியில் நீராடலாமா? அதில் தீவு ஒன்று மிதக்கிறது என்கிறார்களே?
– அதே வாசகி

பதில்: நீராடக் கூடாது. வியாசரின் தந்தையான பராசர முனிவர் தவம் செய்த இடமாகப் போற்றப்படுவதால், ஏரியைச் சுற்றி வேலியிட்டிருக்கிறார்கள், கரையிலிருந்தே பார்க்கலாம். தீவு உண்மைதான்: புல்லும் செடிகளும் பின்னிக் கிடக்கும் வட்டமான திட்டு, நீரில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கரையில் உள்ள மூன்றடுக்கு மரக்கோயில், மண்டி அரசர் பான் சென் 13ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பார்கள். ஒரே தேவதாரு மரத்தைக் கொண்டு கட்டியதாகவும் ஒரு கதை உண்டு. அதை அங்குள்ளவர்கள் சொல்லக் கேட்பதே சுவை. சாலை வந்துவிட்டதால் சனி, ஞாயிறுகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தனிமையை நாடிப் போவதாயின், வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.